மார்பகப் புற்றுநோய் ஏன் பரவுகிறது, மரபணுவுக்கு அதில் என்ன வேலை? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் ஒரு கல்லூரியில் மரபணுவியல் பாடம் எடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் இந்தப் பாடம் எடுப்பவரை உறவுக்காரர்கள் சும்மா விடுவதில்லை. குடியாத்தம், ஆரணி, வாணியம்பாடி என்று எங்கிருந்து சிகிச்சைக்கு வந்தாலும் ரிப்போர்ட்டை என்னிடம் ஒருமுறை நீட்டிவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறுகிறார்கள். கேட்பவை பெரும்பாலும் அதே கேள்விகள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். எந்த மருந்து, எத்தனை தடவை என்பதெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை. நோய் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது மட்டும்தான் இங்கே.

அம்மாவுக்கு மார்பில் கட்டி எடுத்தோம். இப்போது இடுப்பெலும்பில் இருக்கிறது என்கிறார்கள். இது புதிதாக வந்த எலும்புப் புற்றுநோயா?

இல்லை. எலும்பில் இருந்தாலும் அது மார்பகப் புற்றுநோய்தான். அங்கே வளர்வது எலும்பின் செல் அல்ல, மார்பிலிருந்து கிளம்பிப் போன செல். எலும்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தால் மார்பக செல்லுக்கு உரிய அடையாளங்கள், உதாரணமாக காட்டா-3 என்ற புரதம், பெரும்பாலும் அப்படியே தெரியும். கல்லீரலுக்குப் போனாலும் நுரையீரலுக்குப் போனாலும் இதே கதைதான்.

எலும்பில் இருக்கும் நோய்க்கு மார்பகத்துக்கான ஹார்மோன் மாத்திரை கொடுப்பது இதனால்தான். "எலும்பில் நோய் இருக்கிறது, எதற்கு மறுபடி அதே மாத்திரை எழுதுகிறார்கள், தப்பாக எழுதிவிட்டார்களோ" என்று சந்தேகப்பட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

மார்பிலிருந்து எலும்புக்கு எப்படிப் போகிறது?

ரத்தம் வழியாக. கட்டியிலிருந்து செல் பிரிய வேண்டும், சுற்றியுள்ள சதையைத் துளைத்து ரத்தக் குழாய்க்குள் நுழைய வேண்டும், ஓட்டத்தில் நசுங்காமல் தப்ப வேண்டும், நோய் எதிர்ப்பு செல்களுக்கு அகப்படாமல் இருக்க வேண்டும், வேறொரு உறுப்பில் வெளியே வந்து அங்கே உயிர் பிழைக்க வேண்டும், அப்புறம் பெருக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஏராளமான செல்கள் சாகின்றன. ரத்தத்தில் இறங்கும் புற்று செல்களில் மிக மிகச் சிறு பங்குதான் இன்னொரு இடத்தில் கட்டியாக வளர்கிறது. தனியாகப் போகும் செல்லைவிட நாலைந்து ஒட்டிக்கொண்டு கும்பலாகப் போகும் செல்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ரத்தத்தில் புற்று செல் ஓடுகிறது என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1869-லேயே ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தில் கட்டியில் இருந்ததைப் போன்ற செல்களையே பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

அக்குளில் நெறி கட்டுவது, அதாவது நிணநீர் முடிச்சுக்குப் போவது, இதிலிருந்து கொஞ்சம் வேறு. அது பக்கத்து வழி. அங்கே போய்விட்டாலே நாலாவது ஸ்டேஜ் என்று அர்த்தமில்லை. எலும்பு, கல்லீரல், நுரையீரல், மூளை போன்ற தொலைவு உறுப்புகளுக்குப் போனால்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

அப்படியானால் "பரவும் மரபணு" என்று ஒன்று இருக்கிறதா? அதை மட்டும் அடைத்துவிட்டால் போதாதா?

எல்லோரும் எதிர்பார்ப்பது இதைத்தான். ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகள் இதைத்தான் தேடினார்கள். கிடைக்கவில்லை.

புற்றுநோய் தொடங்குவதற்கான மரபணு மாற்றங்கள் நன்றாகத் தெரியும். டிபி53, பிஐகே3சிஏ, ஹெர்-2 மரபணு பல நகல்களாகப் பெருகுவது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. சரி, பரவிய கட்டியையும் முதல் கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிஎன்ஏவைப் படித்தால் என்ன தெரிகிறது? முக்கியமான மாற்றங்களில் பெரும்பாலானவை இரண்டிலும் ஒன்றேதான். பரவியதில் கூடுதலாகச் சில இருக்கும், ஆனால் எல்லா நோயாளிகளிடமும் வரும் "இதுதான் பரவவைத்தது" என்ற ஒரு மாற்றம் இல்லை.

பிறகு என்னதான் மாறுகிறது? எந்த மரபணு இயங்குகிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பது. நம் ஒவ்வொரு செல்லிலும் சுமார் 20,000 மரபணுக்கள் இருந்தாலும் ஒரு செல் அதில் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. கருவில் குழந்தை உருவாகும்போது செல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர வேண்டியிருக்கும். அதற்காக ட்விஸ்ட், ஸ்னெயில் போன்ற மரபணுக்கள் அப்போது இயங்கும், வேலை முடிந்ததும் அடங்கிவிடும். புற்று செல் இவற்றை மறுபடி எழுப்பிக்கொள்கிறது. எழுந்ததும், பக்கத்து செல்லோடு ஒட்டிக்கொண்டிருக்க உதவும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் குறைகிறது, செல் நீண்டு நகரத் தொடங்குகிறது. 2004-ல் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வகம் எலியின் மார்பகக் கட்டியில் ட்விஸ்டின் அளவைக் குறைத்தபோது நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது, ஆனால் முதல் கட்டி வளர்வது நிற்கவில்லை. வளர்ச்சியும் பரவலும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இது நல்ல சாட்சி.

எதிர்ப்பக்கமும் உண்டு. பரவலைத் தடுக்கும் மரபணுக்கள். அப்படி முதலில் அடையாளம் காணப்பட்டது என்.எம்.23. 1988-ல் பட்ரீசியா ஸ்டீக் குழுவினர் கண்டுபிடித்தார்கள். நன்றாகப் பரவும் செல்களில் இதன் அளவு குறைவு. ஆனால் டிஎன்ஏவில் பிழை எதுவும் இல்லாமலேயே குறைந்திருக்கும். மரபணு முழுசாக இருக்கிறது, பேசவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றை அடைத்தால் போதுமா என்றால், இந்த மரபணுக்கள் எல்லாம் உடம்பு தன் அன்றாட வேலைக்கு வைத்திருப்பவை. புண் ஆறுவதற்கும் இவற்றில் பல வேண்டும். கண்மூடித்தனமாக அடைக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

ஒருவருக்கு எலும்பு, இன்னொருவருக்கு மூளை. ஏன் இப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

1889-ல் லண்டனில் ஸ்டீஃபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். ரத்தம் எங்கே போகிறதோ அங்கெல்லாம் நோய் போகும் என்றால் எல்லா உறுப்பிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. கல்லீரலில் நிறைய, மண்ணீரலில் மிகக் குறைவு. இரண்டுக்கும் ரத்தம் தாராளமாகத்தான் போகிறது. விதை எங்கும் விழும், ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் விதையைக் கொண்டுபோய் வேறு ஊரில் போட்டால் செடி வரும், அந்தக் காய் வராது.

எந்த விதை, எந்த மண் என்பதை மரபணுவியல் பிற்பாடு ஓரளவு பிரித்துக் காட்டியது. 2001-ல் வந்த ஒரு ஆய்வு: மார்பகப் புற்று செல்களின் மேல் சிஎக்ஸ்சிஆர்-4 என்ற ஏற்பி (வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதம்) நிறைய இருக்கிறது, அதை ஈர்க்கும் புரதம் நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் அதிகம் சுரக்கிறது. நோய் அடிக்கடி போகும் இடங்களும் இவையே.

அப்புறம் நியூயார்க்கில் ஜோன் மஸாகே ஆய்வகம். ஒரே நோயாளியிடமிருந்து வந்த செல்களை எலிகளுக்குச் செலுத்தி, எலும்புக்குப் போனவற்றைத் தனியாகவும் நுரையீரலுக்குப் போனவற்றைத் தனியாகவும் பிரித்து, எந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன என்று பார்த்தார்கள். எலும்புக்குப் போனவை பற்றி 2003-லும், நுரையீரல் பற்றி 2005-லும், மூளை பற்றி 2009-லும் வெளியிட்டார்கள். பட்டியல்கள் பெருமளவு வேறுவேறு. மூளைக்குப் போனவற்றில், வழக்கமாக மூளையில் மட்டுமே இயங்கும் ஒரு மரபணுவை மார்பக செல் எழுப்பிவிட்டிருந்தது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் லேசில் யாரையும் உள்ளே விடாது. அதைத் தாண்ட அந்த மரபணு உதவுகிறது.

எலும்பில் நடப்பது இன்னும் கெட்டிக்காரத்தனமானது. நம் எலும்பு எப்போதும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்த புற்று செல், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் சேமித்து வைக்கப்பட்டிருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வருகின்றன. அவற்றைத் தின்று புற்று செல் மேலும் வளர்கிறது, மேலும் கரைக்கிறது. ஜோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஆகிய ஊசிகள் இந்தச் சுழற்சியை உடைப்பதற்காகத்தான். "எலும்புக்குச் சத்து ஊசி" என்று நினைத்துக்கொண்டு போடுகிறார்கள். அது சத்து ஊசி இல்லை. போடுவதற்கு முன் பல் டாக்டரை ஒருமுறை பார்த்துவிடச் சொல்வார்கள், அதை அலட்சியம் செய்யாதீர்கள். இந்த மருந்துகள் நடக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

நடைமுறைக்கு வேண்டியது இதுதான். ஹார்மோன் ஏற்பி உள்ள வகை பெரும்பாலும் எலும்புக்குப் போகும். ஹெர்-2 வகையும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈஆர்), புரொஜெஸ்டிரோன் ஏற்பி (பிஆர்), ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் என்று வருகிற வகையும் மூளைக்கும் நுரையீரலுக்கும் போவது மற்றதைவிட அதிகம். லோபுலர் என்ற வகையில் சிடிஎச்1 மரபணு கெட்டு ஈ-கேட்ஹெரின் இல்லாமல் போயிருக்கும். அது வயிற்றுச் சவ்வு, இரைப்பை, சினைப்பை என்று எதிர்பாராத இடங்களில் பரவலாக இறங்கும், சில சமயம் ஸ்கேனிலும் தெளிவாகத் தெரியாது. இவை எல்லாம் போக்குகள்தான், விதி அல்ல.

கட்டியை எடுத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அப்புறம் எப்படித் திரும்ப வரும்?

முதல் கட்டி எடுப்பதற்கு முன்பே கிளம்பிப் போன சில செல்கள் எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் பெருகாமல் உறங்கிக் கிடக்கும். பெருகாத செல்லைப் பெரும்பாலான கீமோ மருந்துகள் ஒன்றும் செய்யாது. எந்த ஸ்கேனிலும் தெரியாது. என்றோ விழித்துக்கொள்கிறது.

வகையைப் பொறுத்துக் காலம் மாறும். மூன்றும் நெகட்டிவ் வகை திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வருஷத்துக்குள் திரும்பிவிடும், ஐந்து வருஷம் தாண்டினால் வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும். ஹார்மோன் வகை அப்படியல்ல, நிதானமானது. 2017-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், ஐந்து வருஷம் ஹார்மோன் மாத்திரை முடித்து நோயில்லாமல் இருந்த 62,923 பெண்களைப் பார்த்தார்கள். அதன் பிறகு, 20-ஆவது வருஷம் வரைக்கும் தொலைவு உறுப்பில் நோய் திரும்பிக்கொண்டே இருந்தது. சின்னக் கட்டி, நெறியில் இல்லை என்றவர்களில் 13 சதவீதம். பெரிய கட்டி, நாலு முதல் ஒன்பது நெறிகளில் இருந்தது என்றவர்களில் 41 சதவீதம். சிலருக்கு ஐந்து வருஷத்தோடு நிறுத்தாமல் மாத்திரையை நீட்டிப்பது இதனால்தான்.

கத்தி பட்டதால்தான் பரவியது என்கிறார்கள். பயாப்சி எடுக்காமலே இருந்திருக்கலாமோ?

இல்லை. வட ஆற்காடு முழுக்க, கிராமம் டவுன் என்ற வித்தியாசமில்லாமல், இந்த நம்பிக்கை இருக்கிறது. இதனால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தள்ளிப்போட்டு வருகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ஊசி போன தடத்தில் அரிதாக ஓரிரு செல்கள் ஒட்டக்கூடும் என்பது உண்மை. அதனால் ஆயுள் குறைவதாக ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. ஆபரேஷனுக்குப் பின் பரவியது தெரியவரும்போது, பரவல் ஆபரேஷனுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளரவில்லை, அவ்வளவே.

பிஆர்சிஏ மரபணுவில் கோளாறு இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அதனால்தான் வேகமாகப் பரவியதா?

இங்கேதான் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. குடும்பங்களில் நடக்கும் சண்டையில் பாதி இந்தக் குழப்பத்தால்தான்.

ஒன்று, பிறவியிலேயே வரும் மாற்றம். அம்மா அல்லது அப்பாவிடமிருந்து வரும், உடம்பின் எல்லா செல்லிலும் இருக்கும், பிள்ளைகளுக்குப் போகலாம். இன்னொன்று, கட்டிக்குள் மட்டும் பிற்பாடு ஏற்படும் மாற்றம். அது பிள்ளைகளுக்குப் போகாது, அந்தக் கட்டியோடு சரி. ட்விஸ்ட், ஈஎஸ்ஆர்1, ஹெர்-2 என்று பரவல் பற்றி மேலேயும் கீழேயும் நான் பேசுவதில் பெரும்பகுதி இரண்டாவது வகை.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகியவற்றில் வரும் பிறவி மாற்றம் முதல் வகை. மேரி-கிளேர் கிங் 1990-ல் பிஆர்சிஏ1 இருக்கும் இடம் 17-ஆவது குரோமோசோம் என்று காட்டினார், 1994-ல் மரபணுவே கையில் கிடைத்தது, அடுத்த வருஷம் பிஆர்சிஏ2. உடைந்த டிஎன்ஏவை ஒட்டுவது இவற்றின் வேலை. இந்தக் கோளாறு நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வந்த நோய் கட்டாயம் அதிகம் பரவும் என்று அர்த்தமில்லை. பிரிட்டனில் 40 வயதுக்குள் நோய் வந்த 2,733 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பிஆர்சிஏ கோளாறு உள்ளவர்களும் இல்லாதவர்களும் மொத்தத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பிழைத்திருந்தார்கள்.

சொல்லப்போனால் அந்தக் கோளாறு சிகிச்சைக்கு ஒரு பிடியும் தருகிறது. ஏற்கெனவே ஒட்டும் வசதி குறைந்த செல்லில், மிச்சமிருக்கும் இன்னொரு வழியையும் ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் அடைத்துவிடும். நல்ல செல் பிழைத்துக்கொள்ளும், புற்று செல் சாகும். சில காலம் கழித்துச் சில கட்டிகளில் பிஆர்சிஏ மரபணு தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு மருந்திலிருந்து தப்பிவிடுவதும் நடக்கிறது.

அக்காவுக்கு வந்தது எனக்கும் என் பெண்ணுக்கும் வருமா? அம்மா வழியில் யாருக்கும் இல்லையே.

மார்பகப் புற்றுநோயில் 100-க்கு 5 முதல் 10 வரைதான் இப்படி ஒரே மரபணுவால் பரம்பரையாக வருபவை. அக்காவுக்கு இளம் வயதிலோ, இரண்டு மார்பிலுமோ, மூன்றும் நெகட்டிவ் வகையாகவோ வந்திருந்தால், அல்லது வீட்டில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முதலில் நோய் வந்த அக்காவுக்கு எடுப்பதுதான் சரி. அவரிடம் கோளாறு கிடைத்தால் உங்களுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மேலைநாட்டுக் குடும்பங்களை வைத்துச் செய்த கணக்குப்படி, கோளாறு உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100-க்கு சுமார் 70 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது.

அம்மா வழியை மட்டும் பார்ப்பது தப்பு. அப்பாவிடமிருந்தும் அதே அளவுக்கு வரும். அத்தை, அப்பாவின் அம்மா, அவர்கள் கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் கேளுங்கள். "வயிற்றில் கட்டி வந்து செத்துப்போனாள்" என்று சொல்லப்படும் ஒரு பாட்டிக்கு இருந்தது சினைப்பைப் புற்றாக இருக்கலாம். பிஆர்சிஏ2 ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றையும், அரிதாக மார்பகப் புற்றையும் கொண்டுவரும். அதனால் பெரியப்பா, சித்தப்பா, மாமாவையும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் அக்கா மகளைக் கட்டுவது வழக்கம். அதனால்தானா?

ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு நகலாக இருக்கும். பிஆர்சிஏ விஷயத்தில் ஒரு நகல் கெட்டிருந்தாலே நோய் வாய்ப்பு கூடிவிடும். அதனால் உறவில் கட்டியதால் வந்தது என்று சொல்ல முடியாது. வேறொரு இடத்தில் இது முக்கியம். கோளாறு ஓடுகிற குடும்பத்துக்குள்ளேயே கல்யாணம் செய்து, இரண்டு பேரிடமும் பிஆர்சிஏ2 கோளாறு இருந்தால், இரண்டு கெட்ட நகலும் ஒரே குழந்தைக்குப் போகலாம். அந்தக் குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை வரும். சிறு வயதிலேயே புற்றுநோய்களும் வரலாம், மஜ்ஜையும் செயலிழக்கலாம். ஆகவே வீட்டில் ஒருவருக்குக் கோளாறு உறுதியாகியிருந்தால், மாமன் மகன், அக்கா மகள் என்று நிச்சயம் பேசுவதற்கு முன் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.

பரவும் தன்மை மட்டும் தனியாகப் பரம்பரையில் வருமா?

கொஞ்சம் வரும் போலத் தெரிகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கென்ட் ஹன்டர், கட்டாயம் மார்பகக் கட்டி வரும்படி மாற்றப்பட்ட ஒரே எலியை வெவ்வேறு எலி இனங்களோடு இணைசேர்த்தார். எல்லாக் குட்டிகளுக்கும் கட்டி வந்தது. ஆனால் நுரையீரலுக்குப் பரவிய அளவு, இனத்துக்கு இனம் பல மடங்கு வேறுபட்டது. கட்டியை உண்டாக்கிய மரபணு ஒன்றே என்பதால், மிச்ச பரம்பரைப் பின்னணிதான் வித்தியாசம். அதைத் தொடர்ந்து போய் 2005-ல் சிபா1 என்ற மரபணுவை அடையாளம் காட்டினார்கள். சமீபத்தில், கொலஸ்ட்ராலோடு தொடர்புள்ள பிசிஎஸ்கே9 மரபணுவின் சாதாரணமாகப் பலரிடமும் இருக்கும் ஒரு பிறவி வடிவம் மார்பகப் புற்று பரவுவதோடு சேர்ந்து வருவதாக ஒரு ஆய்வு வந்திருக்கிறது. இவற்றை வைத்து ஆஸ்பத்திரியில் எந்த முடிவும் எடுப்பதில்லை. யாராவது காசு வாங்கிக்கொண்டு "பரவுமா என்று பிறவி மரபணுவில் பார்த்துச் சொல்கிறோம்" என்றால் நம்பாதீர்கள்.

தோல் தொழிற்சாலைத் தண்ணீர்தான் காரணமா?

ராணிப்பேட்டையில் கிடக்கும் குரோமியக் கழிவும் பாலாற்றின் கதியும் நியாயமான கோபத்துக்கு உரியவை. ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது. ஆனால் உறுதியாகியிருப்பது அதைச் சுவாசிக்கும் தொழிலாளர்களின் நுரையீரல் புற்று. மார்பகப் புற்று உங்கள் வீட்டில் பரவியதற்கு அதைக் கைகாட்ட ஆதாரம் இல்லை.

சர்க்கரை, பால் நிறுத்தினால் பரவாதா?

அப்படி எந்த ஆதாரமும் இல்லை. கீமோ நடக்கும்போது சாப்பாட்டைக் குறைத்து உடம்பை வாட்டுவதுதான் ஆபத்து.

ஒருமுறை பயாப்சி எடுத்தாச்சு. பரவிய இடத்தில் மறுபடி ஏன் குத்துகிறார்கள்?

நோயாளிகள் அதிகம் எரிச்சல்படும் இடம் இது. உண்மையில் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை இதுதான். பரவிய கட்டி முதல் கட்டியின் வாரிசு என்றாலும் அச்சு நகல் இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், ஹெர்-2 சுமார் பத்தில் ஒருவருக்கும் மாறிவிட்டிருக்கும். எட்டு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை வைத்து இன்று மருந்து எழுதினால், சிலருக்கு அது தவறான இலக்கு.

இன்னொன்று, சிகிச்சையே சில மாற்றங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிடுகிறது. ஈஎஸ்ஆர்1 என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு. முதல் கட்டியில் இதில் மாற்றம் மிக அரிது. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாத்திரைகள் உடம்பில் ஈஸ்ட்ரோஜனை வற்றச்செய்கின்றன. வற்றிய இடத்தில் தாக்குப்பிடிக்க, ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே இயங்கும்படி ஏற்பியை மாற்றிக்கொண்ட செல்கள் தலையெடுக்கின்றன. அப்போது அதே மாத்திரை பலிக்காது. ஏற்பியையே அழிக்கும் ஃபுல்வெஸ்ட்ரான்ட் போன்ற ஊசிக்கு மாற்றுவார்கள்.

செலவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹெர்-2 வகைக்கான டிராஸ்டுசுமாப் 1998-ல் அமெரிக்காவில் வந்தபோது நம்மவர்களுக்கு எட்டாக்கனி. 2014 முதல் இந்தியத் தயாரிப்பு கிடைக்கிறது. ஹார்மோன் வகைக்கான பால்போசிக்லிப் காப்புரிமை 2023-ல் முடிந்து, பல இந்திய நிறுவனங்களின் மாத்திரைகள் வந்து விலை நன்றாக இறங்கியிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் சிகிச்சையில் எது சேரும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுன்ட்டரிலேயே முதலில் கேட்டுவிடுங்கள். சிகிச்சை தொடங்கின பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். சாகும் புற்று செல்களின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும், அவற்றில் ஈஎஸ்ஆர்1, பிஐகே3சிஏ மாற்றங்களைப் படிக்கலாம். ஏற்கெனவே பரவிய நோய்க்கு அடுத்த மருந்தைத் தீர்மானிக்க இது உதவுகிறது. விலை கூடுதல். ஒன்றும் இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

21 மரபணு, 70 மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்க வேண்டுமா?

இவை ஆரம்பக் கட்ட ஹார்மோன் வகைக்கு, கட்டியை எடுத்த பிறகு, கீமோ தேவையா என்று முடிவுசெய்ய. கட்டியில் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளந்து, தொலைவில் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கின்றன. ஏற்கெனவே பரவியிருந்தால் இந்த டெஸ்டுகளால் பயன் இல்லை. மூன்றும் நெகட்டிவ் என்றாலும் 21 மரபணு டெஸ்ட் பொருந்தாது. "கீமோவா வேண்டாமா என்பது இந்த ரிப்போர்ட்டால் மாறுமா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். மாறாது என்றால் காசை வேறு சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். அம்மாவுக்குப் பரவியதை மறைப்பதா சொல்வதா?

முடிவு உங்களுடையது. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள், அவ்வளவுதான். அம்மாவின் நோய் பரவியது என்பதை வைத்துப் பெண்ணுக்கு ஆபத்து கூடும் என்று சொல்ல முடியாது. பரவலுக்குக் காரணமான மாற்றங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டியைச் சேர்ந்தவை. அம்மாவுக்குப் பிறவி மரபணு பரிசோதனை எடுத்து, கோளாறு இல்லை என்று வந்தால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். கோளாறு இருந்தால், பெண் வயதுக்கு வந்தவள். தனக்குப் பரிசோதனை எடுப்பதா என்பதை அவள்தான் முடிவுசெய்ய வேண்டும். தரகர் அல்ல.

வேலூரில் எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

சி.எம்.சி.யில் புற்றுநோய்ப் பிரிவும் மருத்துவ மரபணுவியல் பிரிவும் இருக்கின்றன. ராணிப்பேட்டை வளாகத்துக்கும் இப்போது சில பிரிவுகள் போய்விட்டதால், எந்த வளாகம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தோட்டப்பாளையம் லாட்ஜ்களில் கல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களைப் பார்த்தால் கூட்டம் எப்படி இருக்கும் என்று புரியும், முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள். செலவு கட்டுப்படியாகாதவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம்.

கொண்டுபோக வேண்டியதில் எல்லோரும் மறப்பது மெழுகு பிளாக். முதல் ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். எழுதிக் கேட்டால் தருவார்கள். அது கையில் இருந்தால் பழைய கட்டியையும் புதியதையும் ஒப்பிடலாம், விடுபட்ட சோதனையைச் செய்யலாம். அதோடு முதல் ஹிஸ்டோபேத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட், ஈஆர், பிஆர், ஹெர்-2 முடிவுகள், ஹெர்-2 "2 பிளஸ்" என்று, அதாவது இரண்டும்கெட்டானாக, வந்திருந்தால் அந்த மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் முடிவு, எந்த மருந்து எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற ஒரு தாள். இரண்டு பக்கத்து உறவினர்களில் யாருக்கு எந்த வயதில் என்ன புற்றுநோய் என்பதையும் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். மரபணு ஆலோசகர் முதலில் கேட்பது அதைத்தான், ஓ.பி. வரிசையில் நின்றுகொண்டு அத்தைக்கு போன் போட்டால் அவர்களுக்கும் ஞாபகம் வராது.